தனகோடியும் ஆட்டுக்குட்டி வண்டியும்

புதுப்பட்டினத்துக்கு மேற்கே, கழிவெளி என்கிற கடலோர உப்பு ஏரியை ஒட்டிய ஊர்களில் போய்த் தனகோடி வீடு எது என்று கேட்டால், யாரும் உடனே கையைக் காட்டிவிட மாட்டார்கள். "எந்தத் தனகோடி? ஆட்டுக்குட்டி தனகோடியா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். அவளிடம் ஆடும் கிடையாது, குட்டியும் கிடையாது. அவளிடம் இருந்தது ஒரு டிராக்டர். அதை டிராக்டர் என்று கூப்பிட ஊருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். தனகோடியே குள்ளம். அவள் இடுப்புக்கு மேல் அந்த வண்டி வளரவில்லை. அறுவடைக்கு வருகிற பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால், பால் குடிக்க வந்த குட்டி போலத்தான் நிற்கும். அப்படி ஒட்டிக்கொண்ட பேர்.

எங்கோ குளிர் தேசத்தில், வீட்டுத் தோட்டத்துக்கென்று, நம்மில் பலர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி அது. மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே பங்களா கட்டிக்கொண்டு இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கப்பலில் வரவழைத்தாராம். தனகோடி அந்தத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன காலத்தில் அவர் தன் ஊரைப் பார்க்கப் போய்விட்டிருந்தார். வண்டி மட்டும் கொட்டகையில் தென்னை மட்டைக்கு அடியில் கிடந்தது. மட்டையை அள்ளப் போனவள், அடியில் கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட் தெரிந்ததும், அள்ளியது போதும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பங்களா கைமாறி, வந்தவர்கள் கொட்டகையை இடிக்க முடிவு செய்தார்கள். "இந்தக் குப்பையை யாராவது எடுத்துட்டுப் போனா போதும்" என்றார் மேனேஜர். அவர் வாயை மூடுவதற்குள் தனகோடி, "நான் எட்த்துகினு போறேன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் முனிசாமி கேளம்பாக்கம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இஞ்சின் என்றால் சாவியைத் திருப்பினால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்று நினைக்கிறவன். வாசலில் வந்து இறங்கிய துருக்குவியலை அவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னாமே இது? ஓடுமா?"

"ஓடும்."

"எப்போ?"

"நான் ஓட்ட சொல்லோ ஓடும். நீ நகுரு."

வண்டியைவிட அதோடு வந்த சாமான்கள்தான் அதிகம். முன்னால் மாட்டுவது, பின்னால் மாட்டுவது, வயிற்றுக்கு அடியில் தொங்குவது என்று இரும்பு இரும்பாகக் குவிந்து கிடந்தது. எது எங்கே பொருந்தும் என்று சொல்ல ஆள் கிடையாது. தனகோடி எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வாசலில் பரப்பினாள். பிறகு ஒவ்வொன்றிலும் தேய்ந்த இடத்தைத் தேடினாள். இரும்போடு இரும்பு நாள்கணக்காக உரசினால் அங்கே துரு ஏறாமல் வழவழப்பாக ஒரு தடம் விழும். அந்தத் தடத்துக்கு ஜோடித் தடம் வண்டியில் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். தேய்ந்ததைத் தேய்ந்ததோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்தே அத்தனை சாமானுக்கும் இடம் கண்டுபிடித்தாள். அவற்றை அவள் 'கை' என்றுதான் சொல்லுவாள். புல் வெட்டுகிற கை, குழி போடுகிற கை, உழுகிற கை, மண் தள்ளுகிற கை. காலையில் எழுந்ததும், "இன்னிக்கு எந்தக் கைய மாட்டலாம்?" என்று வண்டியிடமே கேட்பாள். கேட்கிற முனிசாமிக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது, அதனால் சிரிக்க மாட்டான்.

ஒவ்வொரு கையும் அவளை ஒவ்வொரு விதமாகப் படுத்தியது. குழி போடுகிற கை என்பது பெரிய திருகாணி. சவுக்கு நடக் குழி எடுக்க அதைவிடத் தோது வேறு கிடையாது. ஆனால் வேரிலோ கல்லிலோ மாட்டினால் அதிலிருந்த ஒரு சின்ன ஆணி படக்கென்று உடைந்துவிடும். உடைந்து உடைந்து அலுத்துப்போய், ஒரு நாள் நல்ல கெட்டி போல்ட்டாகப் பார்த்து முடுக்கினாள். அடுத்த வேரில் போல்ட் அசையவில்லை. உள்ளே பல்சக்கரம் நொறுங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் பேரிங் கடை வைத்திருக்கிற ஷபானாவிடம் போனாள். ஷபானா தனகோடியைவிட வயதில் சின்னவள், கூடப் பிறந்தவள் போல. பழைய இரும்புக் கடைகளில் எல்லாம் போன் போட்டு அதே அளவில் ஒரு சக்கரத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள், கெட்டி போல்ட் போட்ட கதையைக் கேட்டு, உடைந்ததைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அந்த ஆணிய ஒடையறதுக்குன்னே வெச்சிகீறான். அது ஒடஞ்சாதான் மத்ததெல்லாம் தப்பிக்கும்."

தனகோடி கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எந்த ஊரோ, எந்தக் காலமோ, முகம் தெரியாத ஒருத்தன் உட்கார்ந்து, எங்கோ ஒரு பொம்பளை வேரில் கொண்டுபோய் மாட்டுவாள், அப்போது எது உடைய வேண்டும் என்று இத்தனை யோசித்திருக்கிறானே என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டுக்கு வந்து முனிசாமியிடம் சொன்னாள். "நல்லவன்மே அவன்" என்றான் முனிசாமி.

மண் தள்ளுகிற கைக்கு ஸ்பிரிங் போயிருந்தது. முனிசாமியின் ஆட்டோவில் கழற்றிப் போட்ட ஸ்பிரிங்கை வெல்டு வைத்து மாட்டினாள். முன்னால் ஆள் அகலத்துக்கு வளைந்த பலகை போல நிற்கிற பிளேடு அது. ஷபானாதான் போனில் அதே மாதிரி வண்டி, அதே பிளேடு, ஊரே வெள்ளையாகக் கிடக்கிற ஒரு தெருவைச் சுத்தம் செய்கிற வீடியோவைக் காட்டினாள். பனியாம். வானத்திலிருந்து கொட்டி வாசலை மூடிவிடுமாம், தள்ளினால்தான் வெளியே வர முடியுமாம். மீன் பெட்டியில் போடுகிற ஐஸைத் தவிர வேறு எதையும் பார்த்திராத தனகோடி, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். பனியைத் தள்ளுகிறதற்குச் செய்தது உப்பு மண்ணைத் தள்ளுகிறது என்று தெரிந்தால் செய்தவன் என்ன நினைப்பானோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

உப்பு மண் என்று சொன்னேன் அல்லவா. கதையே அதுதான். அவர்களுக்கு இருந்தது கழிவெளி ஓரத்தில் ஒரு துண்டு நிலம். கடல் பொங்கி வந்த வருஷத்தில் உள்ளே ஏறிய உப்பு, தண்ணீர் வடிந்த பிறகும் போகவில்லை. உமரிச் செடியைத் தவிர வேறொன்றும் முளைக்காது. வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மாட்டைக் கட்டக்கூட ஆகாது என்று எல்லாரும் கைவிட்ட நிலம். தனகோடி அதில் ஆட்டுக்குட்டியை இறக்கினாள். பெரிய டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும் அந்தச் சேற்றில், இது மேலேயே நடந்தது. பிளேடால் மேடு பள்ளத்தைத் தள்ளிச் சமன் செய்து, வரப்புக் கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி, உழுகிற கையை மாட்டிக் கலக்கி, உப்போடு சேர்த்து வடியவிட்டாள். மறுபடி தேக்கி, மறுபடி கலக்கி, மறுபடி வடியவிட்டாள். வருஷா வருஷம் மழைக்காலம் முழுக்க இதே வேலை. "நிலத்துக்குக் குளிப்பாட்டி வுட்டுகினுகீறா" என்று ஊர் சிரித்தது. ஒரு வருஷம் உரத்துக்கென்று விதைத்த தக்கைப்பூண்டு முளைத்தது. ஊர் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சிரித்தது. போன வருஷம் சம்பா நட்டாள். பச்சை கட்டியது, தூர் வெடித்தது, கார்த்திகையில் கதிரும் வெளியே வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கதிர் வந்த அன்று தனகோடி வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தாள். விரலில் பால் ஒட்டியது. அவள் அழுதாள் என்று முனிசாமி சொல்லுவான். வேர்வை என்று அவள் சொல்லுவாள்.

இப்படி ஒரு வண்டியை யார்தான் கும்பிடாமல் இருப்பார்கள்? வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவித் துடைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டுவாள். வைக்கிற இடம் என்று ஒன்று உண்டு. வண்டியின் உச்சியில், நட்ட நடுவில், பித்தளையில் வட்டமாக ஒரு மூடி. பெட்ரோல் டாங்கின் மூடி அது. நெற்றி என்று ஒன்று அந்த வண்டிக்கு இருந்தால் அதுதான் நெற்றி. பொட்டு அங்கேதான். பழைய சந்தனத்தைச் சுரண்டக் கூடாது, அதன் மேலேயே வைக்க வேண்டும் என்று அவளாக ஒரு முறை வைத்திருந்தாள்.

வண்டிக்கு ஒரே ஒரு குறை. மெதுவாகப் புல் வெட்டினாலோ, குழி போட்டாலோ ஒன்றும் செய்யாது. முழு வேகத்தில் விடாமல் மண் தள்ளினால் கொஞ்ச நேரத்தில் திணறும், இருமும், நின்றுவிடும். தனகோடி உடனே கார்பரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டுவாள். கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடும். "பாத்தியா, தூசி" என்பாள். மறுபடி நிற்கும், மறுபடி கழற்றுவாள். "அதுக்கு ரோஷம் ஜாஸ்தி, தொரத்தினா நின்னுடும்" என்று கடைசியில் அதையும் ஒரு பெருமையாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கதிர் பால் பிடித்திருக்கிற நேரத்தில்தான் வங்கக் கடலில் புயல் கிளம்பி, வராமல் போக்குக் காட்டி, மழையை மட்டும் கொட்டிவிட்டுப் போனது. மேற்கே ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கலங்கல் வழிந்தது. அத்தனை தண்ணீரும் கழிவெளிக்கு வந்தது. வந்த தண்ணீர் கடலுக்குப் போக வேண்டும். போகிற வாயைக் கடல் மணலால் அடைத்து வைத்திருந்தது. இது வருஷம்தோறும் நடப்பதுதான். முகத்துவாரத்தில் அலை மணலைக் கொண்டுவந்து மேடு கட்டிவிடும். மழைக்காலத்தில் மீனவர்களும் கழனிக்காரர்களும் சேர்ந்து அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அந்த மேட்டை வெட்டுவார்கள். சில வருஷமாகப் பொக்லைன் வந்து வெட்டியது. இந்தத் தடவை பொக்லைன் வருகிற தரைப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மண்வெட்டியோடு போனவர்கள் வெட்டிய சின்ன வாய்க்காலை அடுத்த அலையே மூடியது.

தனகோடியின் கழனியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அன்று காலை அவள் போய்ப் பார்த்தபோது கதிரின் நுனி மட்டும், அதுவும் காற்று அடிக்கும்போது மட்டும் தெரிந்தது. இன்னொரு நாள் இப்படியே நின்றால் பயிர் அழுகும். பயிர் போனால்கூட அடுத்த வருஷம் நடலாம். கழிவெளித் தண்ணீர் உப்புத் தண்ணீர், அது தேங்கி நின்றுவிட்டால் இத்தனை வருஷம் கழுவிக் கழுவி எடுத்த உப்பு மறுபடி உள்ளே உட்கார்ந்துவிடும்.

முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து மோசஸ் போன் செய்தான். படகு ஓட்டுகிறவன், பாறையில் வலை மாட்டினால் முங்கி எடுக்கிறவன். பல தடவை அவன் படகை ஆட்டுக்குட்டிதான் கரைக்கு இழுத்திருக்கிறது.

"அக்கா, ஒன் வண்டி வருமா? வத்தம் பொழுது சாயற வரிக்கும் கீது. கடலு எறங்கிகீற நேரம். ஒரே தள்ளுல பெருசா வாய் தொறந்தா தண்ணி பாஞ்சிடும். சின்னதா தொறந்தா மூடிக்கும். பெரிய வண்டி எதுவும் வர வழி இல்ல."

"வரும்" என்றாள் தனகோடி. நின்றுவிடுகிற வண்டி என்பதை அவள் சொல்லவில்லை. முனிசாமியை மடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கழனியில் விட்டுவிட்டு, பிளேடை மாட்டிக் கிளம்பினாள். சவுக்குத் தோப்புக்கு உள்ளே, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில், மாட்டுவண்டிகூட நுழையாத இடைவெளியில் ஆட்டுக்குட்டி போயிற்று. அந்த மரங்களுக்குக் குழி போட்டதே அதுதான். மணல் வந்ததும் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டாள். டயர் சப்பையாகி மணலில் பரந்து உட்கார்ந்தது. புதையாமல் போய்ச் சேர்ந்தாள்.

மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தாள். ஒரு பக்கம் கழிவெளி, மேற்கே கண்ணுக்கு எட்டின மட்டும், அசையாமல் நிரம்பி நின்றது. இன்னொரு பக்கம் கடல், எவ்வளவோ கீழே, இரைந்துகொண்டு கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல் மேடு, அதன் மேல் அவளும் அவள் வண்டியும் நாலைந்து மீனவர்களும். இத்தனை பெரிய தண்ணீரையும் அத்தனை பெரிய கடலையும் பிரித்து வைத்திருப்பது வெறும் மணல் என்பதை நினைத்தால் கும்பிடத்தான் தோன்றியது. கும்பிட்டாள்.

முறை இதுதான்: கடல் பக்கத்திலிருந்து வாய்க்காலைத் தோண்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். கழிவெளி ஓரத்தில் மட்டும் ஒரு திட்டை விட்டு வைத்து, கடைசியில் அதை உடைக்க வேண்டும். தனகோடி பிளேடை இறக்கினாள். ஆட்டுக்குட்டி மணலை அள்ளிக் கடல் பக்கம் தள்ளியது, பின்னால் வந்தது, மறுபடி தள்ளியது. மோசஸும் ஆட்களும் ஓரத்தைச் சரித்துவிட்டார்கள். வாய்க்கால் அவள் கண் முன்னால் ஆழமாயிற்று. அப்போது வண்டி திணறியது. இருமியது. நின்றது.

கயிற்றை இழுத்தாள். கிளம்பவில்லை. கார்பரேட்டரைக் கழற்றக் கை போனது. ஆனால் காற்றில் மணல் பறந்துகொண்டிருந்தது. இங்கே அதைத் திறந்தால் உள்ளே மணல் போய் இஞ்சினே போய்விடும். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கழற்ற முடியாமல் நின்றாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பெட்ரோல் இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று மூடியைத் திருகினாள்.

ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். கூடவே டாங்கின் தகரம் டொப்பென்று வெளியே உப்பியது. மோசஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான்.

"இன்னாக்கா அது? முங்கிட்டு மேல வர்றவன் மூச்சு இழுக்கற மாதிரி கீது?"

தனகோடி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஊசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை. மேல்பக்கம் ஓட்டை இல்லை. அங்கே சந்தனம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, ஒன்றின் மேல் ஒன்றாக, கல் போல இறுகிய சந்தனம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க உள்ளே காற்று போக வேண்டும்; காற்று போகிற வழியைத்தான் அவள் இத்தனை வருஷம் பூஜை செய்து அடைத்திருக்கிறாள். அவள் கார்பரேட்டரைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது, அதனால் கிளம்பியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றுவது காலையில், ராத்திரியெல்லாம் காற்று கசிந்து முடிந்த பிறகு; அதனால் இந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததே இல்லை. தூசி, தூசி என்று அவள் ஊதியதெல்லாம் வீண்.

"அய்யோ, ஒன் மூச்ச நான்தான் புட்ச்சி வெச்சிருந்தனா!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தாலிச் சரட்டில் இருந்த ஊக்கை எடுத்து, சந்தனத்தைக் குத்தி, ஓட்டை வெளிச்சம் தெரிகிற வரை சுத்தம் செய்தாள். மூடியை மாட்டி, கயிற்றை ஒரே இழுப்பு.

வண்டி போட்ட சத்தம் அவளுக்கே புதிது. இதுவரை அவள் கேட்டது அதன் முனகலைத்தான் என்று அப்போது புரிந்தது. முழு வேகம் வைத்தாள். திணறவில்லை. மணல் பிளேடுக்கு முன்னால் அலை போலச் சுருண்டது. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள், அது ஓடிக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட பலம் உள்ளே இருந்ததா என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். மோசஸின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். குட்டி என்று சொன்ன வாய் ஒன்றும் அங்கே திறக்கவில்லை.

கழிவெளி ஓரத்துத் திட்டு மட்டும் மிச்சம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மோசஸ் கடலைப் பார்த்தான்.

"கடலு திரும்புதுக்கா. இப்ப வுட்டா நாளிக்குதான். வண்டிய மேல ஏத்து, நாங்க கையால வெட்டிப் பாக்கறோம்."

"கையால வெட்னா சின்னதாதானே தொறக்கும்?"

பெரிதாகத் திறக்க வேண்டுமானால் ஒரே வழிதான். வண்டி திட்டுக்குக் கழிவெளிப் பக்கமாக ஏறி நின்று, அதை அப்படியே வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டு கடலை நோக்கிப் போக வேண்டும். தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் மொத்தக் கழிவெளியும் வரும். அந்த வண்டி திரும்பி வராது. இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

தனகோடி கையை வண்டியின் மேல் வைத்தாள். சூடாக இருந்தது, கீழே இஞ்சின் ஒரே சீராகத் துடித்தது. இன்றைக்குத்தான் அதற்கு நல்ல மூச்சே வந்தது. இன்றைக்குப் போய் இதைச் செய்ய வேண்டுமா? கழனியை நினைத்தாள். தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் கதிர்களை நினைத்தாள். அந்த நிலத்தை உண்டாக்கினதே இந்த வண்டிதான்.

"கயிறு குடு" என்றாள்.

வண்டியைத் திட்டுக்குக் கழிவெளிப் பக்கம் கொண்டுவந்து, கடலைப் பார்க்க நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக் கயிற்றால் கட்டினாள். கியரைப் போட்டாள். பிளேடை இறக்கினாள். கிளட்ச்சை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குதித்தாள். மோசஸ் அவள் கையைப் பிடித்து மேட்டின் மேல் இழுத்துக்கொண்டான்.

ஆள் இல்லாமல் ஆட்டுக்குட்டி போயிற்று. அவசரமில்லாமல், வழக்கமான வேலைக்குப் போவது போல, திட்டில் பிளேடை வைத்து முட்டியது. சக்கரம் சுற்றியது, மணல் நெகிழ்ந்தது, திட்டு மொத்தமாக நகர்ந்தது. பின்னால் கழிவெளி வந்தது. முதலில் டயரை நனைத்தது. பிறகு பச்சையும் பழுப்புமாக ஒரு முதுகு எழுந்தது. அது தண்ணீர் என்று நம்ப முடியவில்லை. அந்த முதுகின் மேலே வண்டி ஒரு கணம் உயர்ந்தது, அப்போதும் இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது, சக்கரம் சுற்றுவது தெரிந்தது. பிறகு இரண்டு கரையும் பொளக் பொளக்கென்று சரிய, வாய்க்கால் ஆறாகி, ஆறு கடலுக்குள் இடித்துக்கொண்டு இறங்கியது. அலை எதிர்த்து வந்தது; ஆறு அதை ஏறி மிதித்துக்கொண்டு போனது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. மீனவர்கள் எல்லாரும் பின்னால் ஓடினார்கள், ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து கடலோடு இருக்கிற மோசஸ், "ஏசுவே" என்றான். தனகோடி கைகூப்பியபடி நின்றாள். சிவப்பாக எதுவும் மேலே வரவில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே போன் அடித்தது. முனிசாமி. காற்றோடு சேர்ந்து அவன் கத்துவது மோசஸுக்கும் கேட்டது.

"தனம்! தண்ணி எறங்குதுமே! மட மடன்னு எறங்குது! கதிரு தெரியுதுமே, கழனி முச்சூடும் தெரியுது!"

"நிக்குதா? சாஞ்சிட்ச்சா?"

"வரப்போரம் கொஞ்சம் சாஞ்சிகீது. மீதி அப்டியே நிக்குது. நான் ஒரு கதிர நசுக்கிப் பாத்தேன். பாலு கீது." பிறகு சந்தோஷம் தாங்காமல் கேட்டான். "நீ இன்னும் அங்க இன்னா பண்ணிகினு கீற? வண்டிய எட்த்துகினு சீக்கிரம் வந்து பாரு!"

தனகோடி கடலைப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர் வெகுதூரம் வரைக்கும் பரவியிருந்தது.

"வண்டி கடலுக்குப் பூட்ச்சி மாமா. நான் நடந்துதான் வரணும். நீ மடைய அடச்சிடாத. உப்புத்தண்ணி ஒரு சொட்டு நிக்கக் கூடாது, எல்லாம் போவட்டும்."

போனை மோசஸிடம் நீட்டினாள். மீதியை அவன் சொல்லட்டும்.